ஆனந்தா நீலம், நாலாம் நம்பர்

சம்பூர்ணத்துக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. சேலம் கடைவீதியில் அந்தப் பெரிய ஜவுளிக்கடையின் இரண்டாவது மாடியில், பட்டு செக்ஷனில், கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ராசிபுரத்துக் கல்யாண வீட்டுக்காரர்களுக்கு மாம்பழக் கலர் சேலையை விரித்துக் காட்டி, "பொண்ணு நெறத்துக்கு நல்லாத் தூக்கிக் குடுக்கும் பாருங்கம்மா" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உதடு தானாக ஓரத்துக்கு ஓடியது. கல்யாணம் இவளுக்கா அந்தப் பொண்ணுக்கா என்று யாராவது கேட்டிருந்தால்கூடத் தப்பில்லை. பின்னே? இடுப்பு மடிப்பில் போன் இருக்கிறதே! காலையில் உள்ளே நுழையும்போதே லாக்கரில் போட்டுப் பூட்ட வேண்டிய போன், இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் மேலே எடுத்து வந்ததில்லை, இன்றைக்கு எடுத்து வந்தாச்சு, சத்தத்தை அடக்கி, மடிப்புக்குள் செருகி, மேலே ஒரு ஊக்கும் குத்தி. அந்தப் போனுக்குள் ஷூ இருந்தது. ஷூ! ஐம்பதை எட்டப்போகிற பொம்பளைக்கு ஷூ. ஓசூரிலிருந்து மகள் வந்தபோது சாமான் வாங்குகிற ஒரு ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள், போன வாரத்திலிருந்து இந்த விளம்பரம் விடாமல் துரத்துகிறது, ராசிபலன் பார்த்தால் மீன ராசிக்கு நடுவில் வந்து நிற்கிறது, மோர்க்குழம்பு வீடியோவில் சரியாகத் தாளிக்கிற நேரத்தில் வந்து நிற்கிறது, நீல ஷூ, அதுவும் எந்த நீலம், மயில்கழுத்து இல்லை, ராயல் ப்ளூ இல்லை, அசல் ஆனந்தா நீலம், பட்டில் அந்த நீலத்தைப் பார்த்தால் அவள் கை ஒரு தடவை தடவிவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும், அந்த நீலத்தில், வெள்ளை அடி வைத்து, நாள் முழுக்க நிற்பவர்களுக்காக என்று எழுதி, பாதி விலை, புதன்கிழமை பகல் பன்னிரண்டுக்கு ஆரம்பம் என்று போட்டிருந்தான். நாள் முழுக்க நிற்பவர்களுக்காக! கூட்டத்தில் யாரோ தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. இன்றைக்குத்தான் அந்தப் புதன்கிழமை. பன்னிரண்டும் தாண்டிவிட்டது. ஆனாலும் போனைத் தொடவில்லை, ஏனென்றால் புதன்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரைக்கும் ராகுகாலம்.

ராகுகாலத்தில் வாங்கின பொருள் வீடு தங்காது. அவள் வீட்டுக்காரர் ஒரு தடவை இதையெல்லாம் பார்க்காமல் மிக்ஸி வாங்கிக்கொண்டு வந்தார், முதல் தேங்காய்ச் சட்னியிலேயே புகை விட்டது, அவரைக் கேட்டால் கம்பெனி சரியில்லை என்பார், அவருக்கென்ன, சட்னி அரைத்தவளுக்கல்லவா தெரியும். இந்தக் கடையிலேயே புதன்கிழமை மத்தியானம் வந்து பாருங்கள், மாடி நிறைய ஜனம் இருக்கும், விரித்த சேலை மலையாகக் குவிந்திருக்கும், பில் போடுகிற இடத்தில் மட்டும் ஈ ஆடாது. பார்க்கிறதுக்கு ராகுகாலம் கிடையாது, பில்லுக்குத்தான். இந்த ராசிபுரத்து அம்மாவும் அதைச் சொல்லிக்கொண்டேதான் உட்கார்ந்தார், "இப்பப் பார்த்து வெச்சுக்கறோம், ஒன்றரைக்கு மேல பில் போட்டுக்கலாம், முகூர்த்தப் பட்டு ஆடியில எடுக்க மாட்டோம், அது ஆவணியில, இது ரிசப்ஷனுக்கு." எவ்வளவு தெளிவு! அப்படியென்றால் ஷூவும் பத்திரமாகத்தான் இருக்கும், யார் எடுப்பார்கள் இப்போது, நம்ம சனம் ஒருத்தரும் கை வைக்காது, ஆனால் டெல்லி பம்பாய்க்காரர்கள்? அவர்கள் ராகுகாலம் பார்ப்பார்களா? பார்க்காவிட்டால் என்ன, அங்கேயெல்லாம் கோதுமை சாப்பிட்டு ஆளாளுக்கு வாட்டசாட்டமாக இருக்கிறார்கள், கால் பெரிசாகத்தான் இருக்கும், எனக்கு வேண்டியது நாலாம் நம்பர், அம்மா சொல்வாளே, சம்பூர்ணத்துக்குக் காலா இது கொலுப் பொம்மைக் காலா என்று, செருப்புக் கடையில்கூடக் குழந்தைகள் பக்கம் போய்ப் பாருங்கம்மா என்றுதானே அனுப்புவான், அந்தக் காலுக்கு எவள் போட்டிக்கு வருவாள்? வர மாட்டாள். வரவே மாட்டாள். அவள் மாம்பழத்தைத் தள்ளிவிட்டு அரக்குக் கலர்ச் சேலையை விரித்தாள், முந்தி விசிறி மாதிரி விழுந்தது, அப்படி விழ வைக்க ஒரு கை வாகு வேண்டும், அது எல்லாருக்கும் வராது.

கல்யாணப் பொண்ணு தாரணி அரக்கைப் பார்க்கவில்லை. அவள் மடியில் பேப்பரிலிருந்து வெட்டி எடுத்த இந்தக் கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் இருந்தது, வாடாமல்லிப் பட்டு, கிளிப்பச்சைக் கரை, உடம்பு முழுக்கப் பொடிப் பொடியாகப் புட்டாப் பூ. வந்த உடனேயே அதைத்தான் நீட்டினாள். "அக்கா, எனக்கு இதான் வேணும்." "இருக்கு கண்ணு, குடோன்லேர்ந்து வந்துட்டே இருக்கு, அதுவரைக்கும் நாலு பார்த்துட்டிருங்க" என்றாள் சம்பூர்ணம், யோசிக்காமல், மூச்சு விடுகிற மாதிரி. குடோனாவது ஒண்ணாவது. அந்தச் சேலை ஒன்றே ஒன்று வந்தது, போட்டோ எடுக்க, எடுத்து முடித்ததும் முதலாளி வீட்டு அம்மா கட்டிக்கொண்டு போய்விட்டார். ஃப்ளோர் மேனேஜர் குப்புராஜ் தினமும் கடை திறக்கிறதுக்கு முன்னாடி எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொல்கிற பாடம் இதுதான்: கேட்டது இல்லைன்னு யார் வாயிலயும் வரக் கூடாது, இல்லைன்னு சொன்னா எந்திரிச்சுப் போயிடுவாங்க, வருதுன்னு சொன்னா உக்காருவாங்க, உக்காந்தவங்க எதையாச்சும் எடுக்காமப் போனதில்ல. அதில் ஒன்றும் தப்பில்லை என்றுதான் சம்பூர்ணத்துக்குப் பட்டிருக்கிறது, வந்த சனத்துக்கும் நல்ல சேலை கிடைத்துவிடுகிறது, விளம்பரச் சேலையை அரை மணியில் மறந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பொண்ணு மறக்கிறவளாகத் தெரியவில்லை, லிஃப்ட் திறக்கிற சத்தம் கேட்டால் போதும், கழுத்து அந்தப் பக்கம் போகிறது, கண்ணில் ஒரு மினுக்கு, உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்தும் அடங்காத சிரிப்பு. எங்கேயோ பார்த்த சிரிப்பாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே சம்பூர்ணம் வெங்காயத்தோல் கலரைத் தேடித் திரும்பினாள்.

திரும்பும்போது குப்புராஜ் தூணோரம் நின்று தன் காலையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அட, என்ன சார் பார்க்கிறீங்க, நல்லாப் பாருங்க, நொண்டுதா? நொண்டவில்லையே! போன மாதம் நொண்டினது வாஸ்தவம். குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி, காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் எட்டு வைக்கும்போது உயிர் போகும், டாக்டர் பார்த்துவிட்டு மெத்து ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் கொடுத்தார், பழுப்புக் கலரில், பட்டையாக, பார்த்தாலே வயசு பத்து கூடுகிற செருப்பு, அதையும் போட்டுப் பார்த்தாச்சு, ஒன்றும் கேட்கவில்லை. போன வாரம்தான் குப்புராஜ் கூப்பிட்டுச் சொன்னார், "சம்பூர்ணம்மா, ஆவணி பொறந்தா முகூர்த்தக் கூட்டம் தாங்காது, இப்படிக் காலத் தாங்கித் தாங்கி நடந்தா கஸ்டமர் என்ன நினைப்பாங்க, கீழ பில் செக்ஷன்ல உக்கார்ற வேலை இருக்கு, மாத்திடறேன்." மாற்றிவிடுவாராம்! கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலை அட்டையை டிக் டிக் என்று அடித்துக்கொண்டு, எவளோ விரித்த பட்டை மடித்த மடிப்பாகப் பைக்குள் போட்டுக்கொண்டு, விரிக்காமல், முந்தியைப் பார்க்காமல், ஒரு அம்மாவின் முகம் மெல்ல மெல்ல இளகி, "சரி இதையே எடுத்துக்கலாம்" என்று வருகிற அந்த நொடியைப் பார்க்காமல். செத்துப் போகலாம் அதுக்கு. உட்கார்ந்து காட்டினால் என்ன சார் என்று கேட்கத்தான் வாய் வந்தது, கேட்கவில்லை, கஸ்டமர் இருக்கும்போது இந்த மாடியில் யாரும் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை, கேட்டால் அவரே சிரிப்பார். "ஆடி முடியறதுக்குள்ள சரியாயிடும் சார்" என்றுதான் சொல்லிவிட்டு வந்தாள். எப்படிச் சரியாகும் என்று அவளுக்கே தெரியாது, அன்றைக்குச் சாயங்காலம்தான் மீன ராசிக்கு நடுவில் ஷூ வந்து நின்றது. சாமி அனுப்பின மாதிரி!

அதிலிருந்து பாருங்கள், ஒரு வாரமாகக் குதிகால் இருக்கிற இடமே தெரியவில்லை. மாடிப்படி ஏறுகிறாள், பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறாள், வீட்டுக்காரர்கூடக் கேட்டார், என்னடி துள்ளிக்கிட்டு நடக்கறே என்று. ஷூ என்று சொன்னதும் மனுஷன் விழுந்து விழுந்து சிரித்தார், சேலைக்கு ஷூவா, எந்தப் பந்தயத்துல ஓடப் போறே என்று. சிரிக்கட்டும், கவுண்டருக்குப் பின்னால் யார் பார்க்கப் போகிறார்கள், சேலையைக் கொஞ்சம் இறக்கிக் கட்டினால் முடிந்தது, உள்ளே மெத்தென்று, மாவு பிசைந்த மாதிரி, அதுக்குள் குதிகால் போய் உட்கார்ந்துகொள்ளும், ஆவணியில் கூட்டம் அள்ளட்டும், நான் நிற்பேன், ஐப்பசியிலும் நிற்பேன், தையிலும் நிற்பேன், குப்புராஜ் சார் கால் வலிக்குது என்று நாற்காலி தேடுவார், நான் நின்றுகொண்டே இருப்பேன். ஐயோ, மணி ஏன் நகரவே மாட்டேன் என்கிறது. ஒரு தடவை எடுத்துப் பார்த்தால் என்ன, வாங்கத்தானே கூடாது, பார்க்கலாமே? வேண்டாம், பார்த்தால் கை சும்மா இருக்காது, அழுத்திவிடும், இவ்வளவு பொறுத்தவளுக்கு இன்னும் கொஞ்சம் பொறுக்க முடியாதா? "அக்கா, ரெண்டு நிமிஷத்துல வந்துருமா?" என்று கேட்டாள் தாரணி. "எது கண்ணு?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் சம்பூர்ணம். "வந்துரும் கண்ணு, வந்துரும், வர்ற வழியில ட்ராபிக்கு." பொண்ணின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த தன் நாத்தனாரைப் பார்த்து, "பொறுங்க அண்ணி, எப்படியும் ராகுகாலம் முடியணுமில்ல" என்றார். நாத்தனார் கைப்பையைத் திறந்து மூடினார், அவருக்கு பஸ் கவலை.

ஒன்றரை. "ஒரு நிமிஷம்மா, குடோன்ல கேட்டுட்டு ஓடி வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள், நிஜமாகவே ஓடினாள், ஊழியர்கள் சாப்பிடுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ஊக்கைப் பிடுங்கி போனை எடுத்தாள், பெரியாண்டிச்சி தாயே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் திறந்தாள். மேலே பட்டையாகப் பெரிய எழுத்து, இன்று மட்டும், பாதி விலை, அதுக்கு நடுவில் ஆனந்தா நீலம் சுற்றிச் சுற்றி வருகிறது, இருக்கு, இருக்கு! அழுத்தினாள். நம்பர் வரிசை வந்தது, நாலு சாம்பல் கலரில் இருந்தது, நாலை அழுத்தினாள், இன்னொரு தடவை அழுத்தினாள், நகத்தால் அழுத்தினாள். இருப்பு தீர்ந்துவிட்டது. அஞ்சு தீர்ந்துவிட்டது, ஆறு தீர்ந்துவிட்டது, பதினொன்று மட்டும் கறுப்பாக நின்றது. நானே கெடுத்துக்கிட்டேன், ராகுகாலம் ராகுகாலம்னு நானே என் தலையில மண்ண வாரிப் போட்டுக்கிட்டேன், பன்னெண்டுக்கே அழுத்தியிருந்தா இந்நேரம் என் பேர் எழுதி டப்பாவுல போட்டிருப்பான், ராகுவாவது கேதுவாவது, போச்சு, பட்டும் போச்சு, நாளைக்கு டிக் டிக்தான். மூலையில் தயிர் சாதத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த காட்டன் செக்ஷன் எஸ்தர் எழுந்து வந்து போனை எட்டிப் பார்த்தாள்.

"நாலாம் நம்பர் இல்லதானேக்கா?" என்றாள் எஸ்தர். "உனக்கு எப்படித் தெரியும்?" "நீங்க நேத்திக்குச் சொன்னதிலேர்ந்து எனக்கும் ஆசையாயிருச்சு. எனக்கென்ன ராகுகாலமா ஒண்ணா, பாத்ரூம்ல நின்னுட்டு, பன்னெண்டு அடிக்க அடிக்கத் தொறந்தேன். அப்பவே இல்லக்கா. பதினொண்ணு மட்டும்தான் இருந்துச்சு, அது பூதத்துக்குப் போடறது." "தொறந்த உடனேயா?" "தொறந்த உடனே. உங்ககிட்ட வந்து சொல்லலாம்னுதான் வந்தேன், நீங்க சிரிச்ச மொகமா சேலை காட்டிட்டு இருந்தீங்க. சொல்ல மனசு வரல." சம்பூர்ணம் போனைப் பார்த்தாள். சிரித்த முகமாகவா? அதற்கு அடியில் பக்கம் தானாக விரிந்துகொண்டே போனது, இதைப் பார்த்தவர்கள் இவற்றையும் வாங்கினார்கள், கறுப்பு, பழுப்பு, ரோஸ், முழு விலை, கூட விலை, இன்னும் பாருங்கள், இன்னும் பாருங்கள். அட! அடப்பாவி! இது என் வாயல்லவா? அதுவரைக்கும் நாலு பார்த்துட்டிருங்க என்பது என் பேச்சல்லவா? எங்கேயோ ஒரு ஊரில், ஏசி ரூமில், ஒரு குப்புராஜ் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, இல்லைன்னு சொல்லாதே, மேலே சுத்த விடு, உள்ளே வரட்டும், வந்தவ வெறுங்கையோட போக மாட்டா என்று பாடம் எடுத்திருக்கிறான்! சேலை விற்கிறவளுக்கே சேலை விற்றுவிட்டானே! கோபம்கூட வரவில்லை அவளுக்கு, முதலில் சிரிப்புத்தான் பொங்கியது, எஸ்தர் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். சிரிப்பு அடங்க அடங்கக் குதிகால் விழித்துக்கொண்டது. இல்லாத ஷூவை மாட்டிக்கொண்டு ஒரு வாரம் துள்ளி நடந்திருக்கிறேன், அதைக் கழற்றினதும் ஆணி இருந்த இடத்திலேயே இருக்கிறது, அந்த ஒரு வாரத்துக்கும் சேர்த்து வைத்து வலிக்கிறது.

சுவரைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். தூரத்திலேயே தாரணி பார்த்துவிட்டாள், பாதி எழுந்து, "அக்கா, வந்துருச்சா?" என்றாள், அந்த உதட்டோரம், அந்த மினுக்கு. ஐயோ, இந்தச் சிரிப்பை எங்கே பார்த்தேன் என்று யோசித்தேனே, இது என் மூஞ்சி, நாள் பூரா நான் ஒட்டிவைத்துக்கொண்டிருந்த மூஞ்சி. எஸ்தருக்குச் சொல்ல மனசு வரவில்லை. எனக்கும் வராது, வரக் கூடாது, தூணோரம் குப்புராஜ் நிற்கிறார், இவர்கள் எழுந்து போனால் அதுவே அவருக்குப் போதும், ஆவணிக் கூட்டத்துக்கு முன்னாலேயே என்னைக் கீழே இறக்கிவிடுவார், வருது கண்ணு என்று இன்னொரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும், இந்தப் பொண்ணு இன்னும் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகட்டுமே, அப்புறம்? அப்புறம் பதினொன்றாம் நம்பரை மாட்டிக்கொண்டு ரிசப்ஷனில் நிற்கட்டுமா? "வராது கண்ணு" என்றாள் சம்பூர்ணம். சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகம். "அந்தச் சேலை இல்ல. ஒண்ணுதான் வந்துச்சு, போட்டோவுக்கு. குடோன்லயும் இல்ல, எங்கயும் இல்ல."

பொண்ணின் முகம் விழுந்தது. அம்மா பேப்பர் கட்டிங்கையும் சம்பூர்ணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இல்லாத சேலைய எதுக்கும்மா பேப்பர்ல போட்டீங்க?"

"நீங்க வரணும்னுதான்மா."

"நல்லாயிருக்கு கூத்து! எந்திரிங்க போலாம், மொதல்லயே சொல்லித் தொலைச்சிருந்தா நாலு கடை ஏறியிருக்கலாம்" என்று நாத்தனார் எழுந்துவிட்டார். அவர் எழுந்த நாற்காலி காலியாக இருந்தது. சம்பூர்ணத்தால் அதற்கு மேல் ஒரு எட்டுகூட வைக்க முடியவில்லை, கவுண்டருக்குப் பின்னால் போகாமல் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள், கஸ்டமர் நாற்காலியில், கஸ்டமர் பக்கத்தில், மாடியே பார்க்க. அப்பாடா! உட்கார்ந்த சுகம் கண்ணில் தண்ணீரையே வரவழைத்துவிட்டது. "காலு வலிக்குதாக்கா?" என்றாள் தாரணி. "வலிக்குது கண்ணு. ரொம்ப வலிக்குது." குப்புராஜ் வேகமாக வந்துவிட்டார், கவுண்டருக்குப் பின்னால் புகுந்து, வெளியில் சிரித்த முகமும் உள்ளே பல்லைக் கடித்த குரலுமாக, "என்ன சம்பூர்ணம்மா இது? எந்திரிங்க. இதுக்குத்தான் உங்கள நாளையிலேர்ந்து கீழ..." என்றார்.

"சேலை விக்கிறது கையும் வாயும்தான் சார், காலு இல்ல" என்றாள் சம்பூர்ணம். மடியில் மாம்பழக் கலரை இழுத்துப் போட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே முந்தியை ஒரு சுண்டு சுண்டினாள், அது தாரணியின் முழங்கால் வரைக்கும் போய் விசிறியாக விழுந்தது. அந்த அம்மா முந்தியைப் பார்த்தார், தொட்டார், திருப்பி ஜரிகையின் அடிப்பக்கத்தைப் பார்த்தார், அப்புறம் நாத்தனாரைப் பார்த்து, "அண்ணி, வேற நாற்காலி இழுத்துப் போட்டு உக்காருங்க. இல்லைன்னு சொன்ன வாயி, இருக்கிறத என்னன்னு சொல்லுதுன்னு கேட்டுட்டுப் போலாம்" என்றார். தாரணி கட்டிங்கை கவுண்டர் மேல் வைத்துவிட்டு, "அக்கா, அந்த மேல் தட்டுல இருக்குதே வெங்காயத்தோல் கலர், அதுக்கு என்ன கரை?" என்று கேட்டாள். சம்பூர்ணம் நிமிர்ந்து பார்த்தாள். கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது குப்புராஜ் ஒருத்தர்தான்.

"சார், அத எடுத்துப் போடுங்க" என்றாள்.

குப்புராஜ் குதிகாலை உயர்த்தி எட்டி எடுத்தார்.